கிணற்றில் வந்த இறாலும் அனோமலோகாரிஸும்: இது புதைபடிவமா?

தோட்டத்துவீடு

காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருக்கிறோம். வெடி வைத்து எடுத்த கல்லைக் கரையில் கொட்டியதில் ஒன்று தனியாகக் கண்ணில் பட்டது. கறுப்புக் கல்லில் வெள்ளையாக, கணுக் கணுவாக, ஒரு பக்கம் வளைந்து, இறால் படுத்திருக்கிற தோற்றம். ஒரு சாண் நீளம். கணுக்கள் பதினொன்று. படம் இணைத்திருக்கிறேன்.

அக்கா மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். கல்லைப் பார்த்ததும், "மாமா, இது அனோமலோகாரிஸ்" என்று அடித்துச் சொல்கிறான். 50 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் இருந்த பிராணியாம், இறாலுக்கும் பூச்சிக்கும் தூரத்துச் சொந்தமாம். அவன் காட்டிய படமும் இந்தக் கல்லும் ஒத்துத்தான் போகின்றன. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விலை போகுமா என்று நான் கேட்கவில்லை, யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

சென்னிமலைத்தறி

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்குப் பூரான் தெரிகிறது. வீட்டில் காட்டினேன், அவள் முறுக்கு என்கிறாள். அது கிடக்கட்டும், காங்கேயத்துக் கிணற்றுக்குள் கடல் பிராணி வந்தது எப்படி? எங்கள் பக்கம் கிணற்றுக்குள் தண்ணீரே வருவதில்லை.

ரிக்வண்டி

அண்ணா, நான் திருச்செங்கோடு. எங்கள் ஊர் ரிக், அதாவது ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி, போகாத மாநிலம் குறைவு. நம் பக்கத்தில் ஆயிரம் அடி இறக்கினாலும் மேலே வருவது கல் தூள்தான். கறுப்பு, சாம்பல், திரும்பவும் கறுப்பு. நடுவில் வெள்ளைத் தூள் வந்தால் வெங்கச்சாங்கல் (குவார்ட்ஸ்) நரம்பு என்று தெரிந்துகொள்வோம், அங்கே தண்ணீர் இருக்கலாம் என்று ஓர் ஆசை. உங்கள் படத்தில் உள்ள வெள்ளை எனக்கு அந்த நரம்பாகத்தான் படுகிறது. சிப்பித் துண்டு தூளோடு வந்து நான் பார்த்தது அரியலூர்ப் பக்கத்தில் மட்டும்தான்.

பாறைவாத்தியார்

ரிக்காரத் தம்பி சொல்வது சரி. தோட்டத்துவீட்டுக்காரர் ஒன்று செய்யுங்கள். உடைந்த கண்ணாடித் துண்டில் அந்த வெள்ளைப் பகுதியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கண்ணாடி கீறினால் பெரும்பாலும் வெங்கச்சாங்கல். கீறாமல், எலுமிச்சைச் சாறு விட்டதும் நுரைத்தால் சுண்ணாம்புக்கல்.

படத்தை வைத்துச் சொல்கிறேன். கறுப்பும் வெளுப்பும் பட்டையாக ஓடும் இந்தக் கல்லை நைஸ் என்போம். அந்த வெள்ளை ஒரு காலத்தில் அறுபடாத ஒரே நரம்பாக இருந்தது. பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், சூட்டிலும் அழுத்தத்திலும் பாறை இருபுறமும் இழுபட்டபோது, சுற்றியிருந்த கறுப்புப் பகுதி இளகி நீண்டு கொடுத்தது. வெங்கச்சாங்கல் விறைப்பானது, அந்த அளவுக்கு நீள வராது. அதனால் இடையிடையே கழுத்து ஒடுங்கி, துண்டு துண்டாக அறுந்துவிட்டது. பிறகு மொத்தப் பாறையும் மடிந்தபோது அந்த வரிசையும் சேர்ந்து வளைந்தது. நீங்கள் பார்க்கும் கணுவும் வளைவும் இப்படி வந்தவை. ஊத்துக்குளியிலிருந்து கரூர் வரை எந்தக் கல் குவாரியில் ஏறிப் பார்த்தாலும் இப்படி நூறு கிடைக்கும்.

கரூர்ப்பாலம்

வாத்தியாரே, ஒரு சந்தேகம். மதுக்கரையில் 1934 முதல் சிமென்ட் ஆலை ஓடியதே சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். சங்ககிரியிலும் அதே கதை. சுண்ணாம்புக்கல் கடலடியில் உண்டாவது என்று பள்ளியில் படித்தோம். அப்படியானால் கொங்கில் கடல் இருந்திருக்கிறது. அங்கே தேடினால் கிடைக்காதா?

பாறைவாத்தியார்

நல்ல கேள்வி. பலரும் இந்த இடம் வரை யோசிப்பதில்லை.

கடல் இருந்தது, மறுக்கவில்லை. மதுக்கரைக் கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் மங்கலாக, மாவாக இருக்கும், அதில் சிப்பி தெரியும். மதுக்கரைக் கல் வெட்டினால் சர்க்கரைப் படிகமாக மின்னும். அது உருமாறிய கல், கிட்டத்தட்டச் சலவைக்கல். அது படிந்த காலம் கேம்பிரியன் காலத்துக்கு முந்தையது, அதாவது மேலோடு, கணு இரண்டும் உள்ள பிராணிகள் தோன்றுவதற்கு முன். அப்படியே ஏதாவது இருந்திருந்தாலும், அடியில் போய் வெந்து மறுபடி படிகமானபோது தடம் அழிந்திருக்கும்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. நம் பாறைகளில் பல 250 கோடி ஆண்டுப் பழமை கொண்டவை. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிக் கல் அந்த வயதுடையதுதான். நிலவின் மேட்டு நிலத்துக் கல்லோடு அது ஒத்துப்போவதால், சந்திரயான்-2 ஊர்தியைச் சோதிக்கச் செயற்கை நிலவு மண் செய்ய அதைத்தான் எடுத்துப் போனார்கள். ஆனால் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரிக் கரை வரை உள்ள வட்டாரம் இரண்டாம் தடவையும் வெந்திருக்கிறது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாம் ஒட்டிக் கோண்டுவானா என்ற ஒரே நிலமானபோது, நடுவில் சிக்கிய நம் பாறை ஆழத்துக்குத் தள்ளப்பட்டு 700 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில் கிடந்தது. அனோமலோகாரிஸ் கனடாப் பக்கத்துக் கடலில் நீந்தியது 50.8 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது நம் கல் அந்த வேக்காட்டிலிருந்து மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேல் பல கிலோமீட்டர் கனத்துக்குப் பாறை இருந்தது. அவ்வளவும் பிறகு அரிபட்டுப் போன பின்புதான் நாம் இந்தத் தரையில் வரகும் சோளமும் விதைக்கிறோம்.

சிவன்மலைப் பக்கம் குருந்தக்கல் கிடைப்பதும் ஆழத்தில் சமைந்த இந்தப் பாறைகளால்தான். அதைக் கொடுத்த பூமி இறாலைக் கொடுக்காது.

தோட்டத்துவீடு

கண்ணாடி கீறிவிட்டது. ஆனால் மாப்பிள்ளை விடுவதாக இல்லை. "விஞ்ஞானிகளே அனோமலோகாரிஸை முதலில் தப்பாகத்தான் சொன்னார்கள், கேட்டுப் பாருங்கள்" என்கிறான். அது என்ன கதை?

பீளமேட்டுமாணவி

அண்ணா, உங்கள் மாப்பிள்ளை சரியான இடத்தைப் பிடித்திருக்கிறார். நான் விலங்கியல் முதுகலை. எங்கள் வகுப்பில் எல்லோரும் இதை ஆவலோடு கேட்டோம், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

1892இல் கனடாவின் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ஜோசப் ஒய்ட்டீவ்ஸ், ஸ்டீபன் மலையிலிருந்து வந்த புதைபடிவங்களுக்கு அனோமலோகாரிஸ் என்று பெயர் வைத்தார். அவர் கையில் இருந்தவை கணுக்கணுவாக வளைந்து, உட்பக்கம் முள் உள்ள துண்டுகள். இறாலின் வால் பகுதி என்று முடிவு செய்தார். கிடைத்த துண்டு எதிலும் தலை இல்லை.

1909இல் அதே வட்டாரத்தில் சார்லஸ் வால்காட் பர்ஜஸ் களிப்பாறையைக் கண்டுபிடித்தார். 1911இல் அவர் எழுதிய ஒரே கட்டுரையில் இரண்டு புது உயிர்கள் வந்தன. ஒன்று பெய்டோயியா. நடுவில் ஓட்டை விழுந்த அன்னாசி வட்டம் எப்படி இருக்குமோ அப்படி இருந்ததால் அதை ஜெல்லி மீன் என்றார். இன்னொன்று லக்கானியா, கடல் வெள்ளரி. அந்தக் கடல் வெள்ளரியின் ஒரு முனையிலும் அன்னாசி வட்டம் ஒன்று தெரிந்தது. 1978இல் சைமன் கான்வே மோரிஸ் இதற்கு விளக்கம் சொன்னார்: லக்கானியா ஒரு கடற்பஞ்சு, அதன் மேல் ஒரு ஜெல்லி மீன் வந்து விழுந்து சேர்ந்து புதைந்திருக்கிறது. அடுத்த ஆண்டு டெரிக் பிரிக்ஸ், அனோமலோகாரிஸ் முழு உடலே அல்ல, ஏதோ பெரிய கணுக்காலியின் (இறால், பூச்சி சேர்ந்த வகை) கால் என்றார்.

இதன் பிறகு ஹாரி விட்டிங்டன் ஒரு பாறைத் துண்டை நுண்ணிய கருவியால் ஏடு ஏடாகச் சுரண்டினார். மேலே உடல், அதன் முன்பக்கத்தில் அன்னாசி வட்டம், அதற்குப் பக்கத்தில் பாறைக்குள் ஒளிந்திருந்த இரண்டு இறால் வால்கள். எல்லாம் ஒரே பிராணியோடு ஒட்டியிருந்தன. ஜெல்லி மீன் அதன் வாய், கடல் வெள்ளரி அதன் உடல், இறால் என்றது இரை பிடிக்கும் முன்கை. விட்டிங்டனும் பிரிக்ஸும் 1985இல் முழு உருவத்தை வெளியிட்டார்கள்.

முழு உருவம் இப்படி: பக்கவாட்டில் வரிசையாகத் துடுப்புகள், காம்பின் மேல் இரண்டு பெரிய கண்கள், முன்னால் இரண்டு கைகள், பின்னால் விசிறி வால். கடினமான ஓடு உடலில் இல்லை. ஆகவே முழுமையான கணுக்காலி என்று சொல்ல முடியாது, கணுக்காலிக் குடும்பத்தின் அடிமரத்தில் பிரிந்த கிளை. கையில் மட்டும் கணுவும் மூட்டும் இறால் வகைபோல் அமைந்துவிட்டன, உடலில் இன்னும் அமையவில்லை.

தோட்டத்துவீடு

சரி அம்மிணி, இப்போது என் கேள்விக்குப் பதில் சொல். படித்தவர்கள் கையைப் பார்த்து இறால் என்கிறார்கள், வாயைப் பார்த்து ஜெல்லி மீன் என்கிறார்கள், உடலைப் பார்த்து கடல் வெள்ளரி, பிறகு கடற்பஞ்சு. தொண்ணூறு ஆண்டு இப்படியே ஓட்டினால் அது ஆராய்ச்சி. நான் ஒரே ஒரு கல்லைப் பார்த்து இறால் என்றால் மட்டும் வெங்கச்சாங்கல்லா? அவர்களும் சாயலை வைத்துத்தானே சொன்னார்கள்?

சென்னிமலைத்தறி

இதற்கு நான் பூரான் பக்கம்தான் நிற்பேன். ஆனால் கேள்வி நன்றாக இருக்கிறது. பதில் வரட்டும்.

பீளமேட்டுமாணவி

அண்ணா, உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் வேறுபாடு சாயலில் இல்லை.

ஒய்ட்டீவ்ஸிடம் இருந்த முன்கைகள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. கை ஒவ்வொன்றிலும் கணுக்கள் 14 வரை, அகலம் முனையை நோக்கிக் குறைந்துகொண்டே வரும், உட்பக்கத்தில் முட்கள் இணை இணையாக, நீளமும் குட்டையும் மாறி மாறி. எந்தத் துண்டை எடுத்தாலும் அதே ஒழுங்கு. அதனால்தான் "தலை எங்கே?" என்ற கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. உயிரின் உறுப்பு என்பதில் சந்தேகம் யாருக்கும் இல்லை, எந்த உயிரின் எந்த உறுப்பு என்பதில்தான் தடுமாறினார்கள். அந்தத் தடுமாற்றத்தையும் தீர்த்தது புதுச் சாயல் அல்ல, சுரண்டியபோது கண்முன் ஒட்டியிருந்த உடல்.

உங்கள் கிணற்றுக் கரையில் இன்னும் கற்கள் கிடக்குமே. கணு உள்ள வேறு கற்களைத் தேடி எண்ணிப் பாருங்கள். எல்லாவற்றிலும் பதினொன்றே வந்தால், வாத்தியாரை நானே காங்கேயத்துக்கு அழைத்து வருகிறேன்.

பாறைவாத்தியார்

வருகிறேன். பஸ் செலவு மாணவியுடையது.

ரிக்வண்டி

இடையில் ஒரு கேள்வி. அந்தப் பிராணிக்கு ஓடு இல்லை என்கிறீர்கள். ஓடு இல்லாதது எப்படிக் கல்லில் பதிந்தது? எங்கள் ஊரில் செத்த மாடே ஒரு மழைக்குத் தாங்காது.

பாறைவாத்தியார்

அதனால்தான் பர்ஜஸ் பாறைக்கு 1980இலேயே யுனெஸ்கோ உலக மரபுரிமை மதிப்பு கிடைத்தது தம்பி. கடலடியில் உயரமான பாறைச் சுவர் ஒன்று இருந்தது. அதை ஒட்டி நுண்ணிய சேறு திடீர் திடீரெனச் சரிந்து, அங்கே இருந்தவற்றை அப்படியே மூடியது. மூடிய இடத்தில் ஆக்சிஜன் குறைவு, தின்ன வரும் புழுவும் இல்லை. சேறு மிக மிக நுண்ணியது என்பதால் துடுப்பின் நரம்புவரை படலமாக நின்றது. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் செங்ஜியாங் என்ற இடத்திலும் இதே தரத்தில் கிடைக்கிறது, அது இன்னும் ஒரு கோடி ஆண்டு மூத்தது.

கரூர்ப்பாலம்

இணையத்தில் பார்த்த படங்களில் எல்லாம் இது டிரைலோபைட்டை, அதாவது ஓடுள்ள அந்தக் காலக் கடல் பிராணியை, பிடித்து நொறுக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு மீட்டர் நீளம், அந்தக் காலக் கடலின் ராஜா என்கிறார்கள். உண்மையா?

பீளமேட்டுமாணவி

ராஜா பட்டம் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது.

நீளம் முதலில். ஒரு மீட்டர் என்பது பழைய மதிப்பீடு. கனடா இனத்தின் முழு உடல்கள் சிலவற்றை வைத்து இப்போது கணக்கிடுவது, கைகளையும் வாலையும் விட்டுவிட்டால் 40 சென்டிமீட்டருக்குள். ஒரு முழம்கூட இல்லை. ஆனாலும் அன்றைய பிராணிகளில் பெரும்பாலானவை விரல் நீளத்துக்குள் என்பதால் இது பெரிய ஆள்தான்.

டிரைலோபைட் விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. கடிபட்டு ஆறிய காயத்தோடு டிரைலோபைட்கள் கிடைத்திருக்கின்றன, அவற்றைக் கடித்தது இதுதான் என்று பல காலம் சொன்னார்கள். 2023இல் ரஸ்ஸல் பிக்னெல்லும் கூட்டாளிகளும் அந்த முன்கையைக் கணினியில் முப்பரிமாணமாக அமைத்து, இன்றைய சாட்டைத் தேள் போன்றவற்றின் இரை பிடிக்கும் கைகளோடு ஒப்பிட்டு, வளைவையும் தாங்கும் சக்தியையும் கணக்கிட்டார்கள். கடினமான ஓட்டைப் பிடித்தால் அந்த மெல்லிய முட்கள் சேதமாகும் என்றே வந்தது. கைகளை முன்னால் நீட்டி, விரைந்து நீந்தி, நடுத்தண்ணீரில் உள்ள மென்மையான இரையைப் பிடித்திருக்கும் என்பது அவர்கள் முடிவு. எனக்கு இந்தக் கட்சிதான் பொருத்தமாகப் படுகிறது. கண்ணைப் பார்த்தாலும் அதுதான் தோன்றுகிறது. ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் கிடைத்த உறவினரின் கண்களைப் பற்றி 2011இல் எழுதினார்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலம், ஒவ்வொன்றிலும் குறைந்தது 16,000 வில்லைகள். வீட்டு ஈக்குச் சில ஆயிரம்தான். வெளிச்சத்தில் வேகமாக ஓடும் இரையை விரட்டுகிற பிராணிக்கு வேண்டிய கண் அது.

பாறைவாத்தியார்

எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை கண்ணு. கணினிக் கணக்கு ஒரு இனத்தின் கைக்குத்தான். அந்தக் கூட்டத்தில் தடித்த கை உள்ள இனங்களும் இருந்தன. காயம்பட்ட டிரைலோபைட்டுகளுக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும்.

பீளமேட்டுமாணவி

டிரைலோபைட்டைப் பெரிய டிரைலோபைட்டே தின்றிருக்கலாம் ஐயா. கங்காரு தீவில் கிடைத்த கழிவுப் புதைபடிவங்களில் ஓட்டுத் துண்டுகள் இருக்கின்றன, அங்கே முள்ளடிக் கால் கொண்ட பெரிய டிரைலோபைட்டும் உண்டு. தடித்த கை உள்ள இனங்களைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். இந்தக் குடும்பத்தில் எல்லோரும் வேட்டைக்காரர்களும் அல்ல. மொராக்கோவில் கிடைத்து 2015இல் பெயரிடப்பட்ட ஏகிரோகாசிஸ் இரண்டு மீட்டர் நீளம். 48 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கையில் உள்ள சீப்புப் பற்களால் தண்ணீரை வடிகட்டிச் சின்ன உயிர்களைத் தின்றது. கண்டெடுத்த மொராக்கோக்காரர் முகமது பென் மூலாவின் பெயரையே அதன் இரண்டாம் பெயராக வைத்தார்கள். உடலில் மேலும் கீழுமாக இரண்டு அடுக்குத் துடுப்பு இருந்தது அதில்தான் தெளிவாகத் தெரிந்தது. இன்றைய இறால், நண்டின் கால் இரு கிளையாக இருப்பதற்கு மூலம் அந்த இரண்டடுக்காக இருக்கலாம் என்று அந்தக் கட்டுரை சொல்கிறது.

தோட்டத்துவீடு

கரையில் கிடந்த கல்லையெல்லாம் மாப்பிள்ளையும் நானும் புரட்டியாயிற்று. ஒன்றில் நான்கு கணு, ஒன்றில் பதினேழு, ஒன்று வளையாமல் நேராக ஓடுகிறது, இன்னொன்றில் கணு கல்லின் மறுபக்கம் வரை ஊடுருவிப் போகிறது. வாத்தியாருக்குப் பஸ் செலவு மிச்சம். முதல் கல்லை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டேன், அது இறால்தான்.

மாப்பிள்ளை அடுத்து ஒன்று கேட்கிறான். உண்மையான டிரைலோபைட் பார்க்க இந்தியாவில் எங்கே போவது? அரியலூரா?

பாறைவாத்தியார்

அரியலூரில் கிடைக்காது. அங்கே இருப்பது டைனோசர் காலத்துக் கடல், டிரைலோபைட் அதற்கு வெகு முன்பே முடிந்துவிட்டது. ஆனாலும் வாரணவாசி அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை அழைத்துப் போங்கள், அம்மோனைட் என்ற சுருண்ட ஓடுள்ள கடல் பிராணிகளின் புதைபடிவங்களைப் பார்க்கலாம். பெருமாள் கோயிலில் சாளக்கிராமம் பார்த்திருப்பானே, கண்டகி ஆற்றில் வரும் அதுவும் அம்மோனைட்தான்.

கேம்பிரியன் டிரைலோபைட் வேண்டுமென்றால் இமயமலைக்குத்தான் போக வேண்டும். இமாசலப் பிரதேசத்து ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் கிடைத்த ஓர் இனத்துக்கு 1910இல் இண்டிகஸ் என்ற பெயர் வந்தது, இன்று அதை ஓரிக்டோசெபாலஸ் இண்டிகஸ் என்கிறோம். உலகக் கேம்பிரியன் அடுக்குகளை ஒப்பிட அதை இன்றும் பயன்படுத்துகிறார்கள். விலைக்கு வாங்க நினைத்தால் எச்சரிக்கை. சந்தையில் மொராக்கோச் சரக்கு நிறைய, அதில் பிசினில் வார்த்ததும் பாதி உடைந்ததை ஒட்டிச் செதுக்கியதும் கலந்து வரும்.

தோட்டத்துவீடு

ஸ்பிதி இப்போதைக்கு வேண்டாம், கிணற்றுச் செலவே தாங்கவில்லை. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அனோமலோகாரிஸ் மாதிரி செய்யலாம் என்கிறான். வாய்க்கு அன்னாசி வட்டம் வெட்ட ஆரம்பித்துவிட்டான்.

பீளமேட்டுமாணவி

நிறுத்தச் சொல்லுங்கள் அண்ணா! 1985 படத்தில் ஒரு சிக்கல் இருந்தது. 32 தகடுகள் உள்ள அந்த அன்னாசி வட்டம் பெய்டோயியா என்ற உறவினரின் வாய். அது இப்போது தனி இனம், லக்கானியாவும் அதில் அடக்கம். அனோமலோகாரிஸின் சொந்த வாய் வேறு. அது சிறியது, மூன்று பெரிய தகடுகளும் இடையில் சின்னச் சின்னவையும் உள்ளது என்று 2012இல் அலிசன் டேலியும் யான் பெர்க்ஸ்ட்ரோமும் காட்டினார்கள். பழைய படங்களிலும் பொம்மைகளிலும் இன்னும் தப்பான வாய்தான் இருக்கிறது. நடுவர் அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டால் மாப்பிள்ளை தயங்காமல் 2012 கட்டுரையைச் சொல்லட்டும்.

உண்மை அளவிலேயே செய்யலாம். உடல் 35 சென்டிமீட்டர், பக்கத்துக்குப் பதின்மூன்று துடுப்பு, வாலில் மூன்று இணை விசிறி. கண் காம்போடு இருக்கட்டும்.

சென்னிமலைத்தறி

துடுப்புக்குத் துணி நான் தருகிறேன். படுக்கை விரிப்பு வெட்டியதில் விறைப்பான ஓரத் துண்டுகள் மூட்டையாகக் கிடக்கின்றன. பக்கத்துக்குப் பதின்மூன்று என்றால் இருபத்தாறு, வாலுக்கு ஆறு. நிறம் எது வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

தோட்டத்துவீடு

சிவப்பு என்கிறான். ஞாயிற்றுக்கிழமை சென்னிமலை வருகிறோம், அந்தக் கல்லையும் எடுத்து வருகிறேன். உங்கள் வீட்டம்மா நேரில் பார்த்து முறுக்கா இல்லையா என்று சொல்லட்டும்.